ஐந்துக்கு நான்கு: ஒன்பதடி நுரைப்பலகை, பதினான்கு மாதம் கழித்து

இந்தச் சர்ஃப் பலகை, அதாவது கடல் அலை மேல் ஏறி நின்று சறுக்கி வரும் பலகை, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, "பொருள் எப்படி இருக்கிறது? நட்சத்திரம் கொடுங்கள்" என்று விற்றவர்களிடமிருந்து செய்தி வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த அனுபவமெல்லாம், அதை மாடிப்படி வளைவில் திருப்ப முடியாமல் கூடத்திலேயே சாத்திவைத்ததுதான். அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது? சரி, கொஞ்சம் நனைந்து காய்ந்து அடிபடட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது 14 மாதம் ஆகிவிட்டது. பலகையும் அடிபட்டிருக்கிறது, நானும் அடிபட்டிருக்கிறேன். இனி எழுதலாம்.

முதலில் என்னைப் பற்றி. எழுதுகிறவரின் வயதும் எடையும் தெரியாத சர்ஃப் பலகை விமர்சனத்தைப் படிப்பதே வீண். வயது 58. எடை 64 கிலோ. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இடது முழங்கால் மடக்கினால் சத்தம் போடும். வலது தோள்பட்டை ஒரு வருடம் உறைந்து கிடந்து மீண்டது. கண்ணாடியைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் உத்தேசம்தான். நீச்சல் நன்றாகத் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்குப் பிரிவு, அதனால் எதையும் நோட்டில் எழுதிவைக்கும் வியாதி உண்டு. ஓய்வு பெற்றதும் நானும் இவரும் கடலோரத்துக்குக் குடிவந்தோம். ஏன் என்று கேட்டவர்களிடம் "காற்று நல்லா இருக்கும்" என்றோம். உண்மைக் காரணம் சர்ஃபிங். அதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள்.

பலகை 9 அடி நீளம், 24 அங்குல அகலம், மூன்றேகால் அங்குலத் தடிமன். மேலே அச்சிட்டிருக்கும் கொள்ளளவு 84 லிட்டர். உள்ளே தெர்மாகோல் வகை நுரை, நடுவில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டம், மேலே மெத்தென்ற நுரைத்தோல், அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக். அடியில் வால் பக்கம் திருகாணி போட்டு மாட்டும் மூன்று ஃபின், அதாவது மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. கூடவே ஒரு லீஷ், அதாவது காலில் கட்டிக்கொள்ளும் கயிறு. சாஃப்ட் டாப் என்று கேட்டால் காட்டுவார்கள். பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்தது போலப் பல பெயர்களில் வருகிறது, நான் சொல்வதில் பெரும்பங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இதற்கு முன்னால் ஒரு பலகை வாங்கி ஏமாந்தேன். அந்தக் கதை இல்லாமல் 84 லிட்டரின் அருமை புரியாது. ஆறடி இரண்டு அங்குலம், கண்ணாடியிழை, பழையது, 32 லிட்டர். விற்ற பையன் "வெயிட் கம்மி ஆன்ட்டி, தூக்க ஈஸி" என்றான். பொய் சொல்லவில்லை. தூக்க ஈஸிதான். அந்தப் பலகையை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரே காரியமும் அதுதான், தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1.025 கிலோ. 32 லிட்டர் பலகை முழுக்க அமிழ்ந்தாலும் அது தாங்கக்கூடியது 33 கிலோ. அதன் சொந்த எடை மூன்றைக் கழித்தால் 30. என் எடையில் பாதிகூட இல்லை. மீதி 34 கிலோவை என் உடம்பே தண்ணீருக்குள் இறங்கித் தாங்கிக்கொள்ள வேண்டும். பலகை மேல் படுத்திருக்கிறேன் என்று பெயர், உண்மையில் பாதி உடம்பு தண்ணீருக்குள். அந்த நிலையில் துடுப்பும் இல்லாமல் கையாலேயே வலிக்க வேண்டும். (வலிக்க வேண்டும் என்பதை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம்.) இருபது வயதுப் பிள்ளைகள் தோள் பலத்தில் அதைச் சமாளிக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் தோள் தீர்ந்துவிடும்.

84 லிட்டருக்கு அதே கணக்கு: தாங்குவது 86 கிலோ. பலகையின் எடை எட்டரை போனால் 77க்குக் கொஞ்சம் மேல். நான் முழுதாக ஏறிப் படுத்த பிறகும் 13 கிலோ மிச்சம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கில் மிச்சம் வந்ததைப் பார்த்துச் சிரித்தேன்.

மிதப்பது மட்டுமல்ல, அலையைப் பிடிப்பதற்கும் இந்த அளவுதான் உதவுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வரும். நான் உயிரைக் கொடுத்து வலித்தாலும் அதில் பாதி வேகம்கூட வராது. மிச்ச வேகத்தை அலையின் சரிவுதான் தர வேண்டும். சின்னப் பலகைக்கு அந்தச் சரிவு செங்குத்தாக வேண்டும், அதாவது அலை உடையப்போகும் கடைசி நொடி. அந்த நொடியில் எழுந்து நிற்க இருபது வயது முழங்கால் வேண்டும். நீளமான அகலமான பலகை அலை இன்னும் மேடாக இருக்கும்போதே நழுவ ஆரம்பித்துவிடுகிறது. எழுந்திருக்க எனக்கு இரண்டு மூன்று நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியது அந்த மூன்று நொடியைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் வாரம் சொல்லிக்கொடுத்த தம்பிக்கு என் இளைய மகனைவிட வயது குறைவு. நான் பலகையில் படுத்ததும், அலை வந்ததும், உடனே எழுந்திருக்கப் பார்த்தேன். "எழுந்திருக்காதீங்க ஆன்ட்டி. முதல்ல அலை உங்களைத் தூக்கிட்டுப் போகுதான்னு பாருங்க" என்றார். நான்கு நாள் படுத்த வாக்கிலேயே கரைக்கு வந்தேன். நுரைத்துக்கொண்டு வரும் உடைந்த அலையில், இடுப்பளவுத் தண்ணீரில். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பலகை வேகம் எடுக்கும் இடம் வயிற்றுக்குத் தெரிய ஆரம்பித்தது. பின்பாதி கொஞ்சம் மேலே எழும்பும், அடியில் ஒரு சலசலப்பு, அப்புறம் திடீரென்று கனம் போய்விடும். அந்தக் கனம் போகிற இடம்தான் எழுந்திருக்க வேண்டிய இடம். ஒன்பதாம் நாள் எழுந்து நின்றேன். நோட்டில் "4 விநாடி (இவர் எண்ணியது)" என்று இருக்கிறது. இவர் கொஞ்சம் தாராளமாக எண்ணுவார்.

நான் எழுந்திருப்பது பாடத்தில் சொல்கிற மாதிரி ஒரே துள்ளலில் அல்ல. ஒரு முழங்கால் ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து, தரையிலிருந்து தொலைந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுகிற மாதிரி. தம்பி திருத்தப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அகலம் 24 அங்குலம் இருப்பதால் இந்த நோஞ்சான் முறையையும் பலகை பொறுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தாலும் கவிழ்வதற்கு முன் யோசிக்கிறது.

இனி கடலோரத்துக்குக் குடிவந்த சமாசாரம். பலகை விமர்சனத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இவ்வளவு பெரிய பலகை வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பொறுத்துத்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது.

முதலில் எடுத்த வீடு கடலிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். வாடகை ஒப்பந்தம் போடும்போது "நடந்து போகிற தூரம்" என்றார்கள். வெறுங்கையோடு நடந்துவிடலாம். எட்டரை கிலோ எடையை, அதுவும் ஒன்பதடி நீளத்தை, 24 அங்குல அகலத்தை, ஐந்தடி உயரப் பெண்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க முடியாது. கை அந்தப் பக்க விளிம்புவரை எட்டவே எட்டாது. இந்தப் பலகையில் பக்கவாட்டுக் கைப்பிடி கிடையாது. ஒரு பட்டை தைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கடைசியில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி வைத்துத் தலையில் சுமந்தேன். காற்று அடித்தால் அதுவும் முடியாது. பலகை பாய்மரமாகி என்னைச் சாலையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். இவர் ஒரு பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, குறுக்கே கட்டை அடித்து, ஒரு வண்டி செய்து கொடுத்தார். தார்ச்சாலையில் அருமையாக ஓடும். மணலில் இறங்கியதும் நின்றுவிடும். எந்தக் கதவை எங்கே மாட்டக் கொண்டுபோகிறீர்கள் என்று இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். இவரும் அதைக் கதவு என்றுதான் சொல்கிறார்.

ஆறாவது மாதம் 350 மீட்டர் தூரத்தில் வேறு வீடு பார்த்துப் போனோம். வீடு சின்னது. உப்புக்காற்று கீல், பூட்டு, குளிர்பெட்டியின் முதுகு எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நான் கடலில் இறங்கிய நாட்களின் எண்ணிக்கை அந்த மாதத்திலிருந்தே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சர்ஃபிங்குக்காக இடம் மாறுகிறவர்கள் ஜன்னலில் கடல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து மணல்வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தினமும் அலை ஏறுகிறீர்களா என்று கேட்கிறார்கள். நோட்டு சொல்வது இது: இந்த 14 மாதத்தில் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தது 290 நாள். இறங்கியது 131 நாள். அருமையான நாள் என்று பக்கத்தில் கோடு போட்டு வைத்தது 22. ஆக, போய்ப் பார்த்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருக்கிறேன்.

அந்தத் திரும்பி வந்த நாட்களுக்காகத்தான் இங்கே குடிவந்தோம் என்று இப்போது புரிகிறது. முன்பு விடுமுறைக்கு வரும்போது நான்கு மணிநேரம் பயணம் செய்து பதினோரு மணிக்கு வந்து சேருவோம். அதற்குள் நிலம் சூடாகி, கடற்காற்று எழும்பி, தண்ணீர் முழுக்கக் கலைந்து கிடக்கும். இருந்தாலும் இறங்குவேன். வந்ததற்கு இறங்கித்தானே ஆக வேண்டும்? எனக்கு அடிபட்டதெல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான். விடியற்காலையில் நிலம் குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து மெல்ல வீசும்போது அலையின் முகம் வழித்துவிட்டது போல இருக்கும். அது எட்டு மணி, ஒன்பது மணிவரை. அதைத் தினமும் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்கு வந்து இன்னொரு தூக்கம் போடுகிற வசதி விடுமுறைக்காரருக்குக் கிடையாது.

எதைப் பார்த்துத் திரும்பி வருவது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. உயரத்தை மட்டும் பார்ப்பேன். மூன்றடி அலை என்றால் மூன்றடிதானே? இல்லை. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் எண்ண வேண்டும். ஆறு விநாடிக்கு ஒன்று வந்தால் பக்கத்துக் காற்று கிளப்பிவிட்டது, அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே போகவே விடாது. பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று வந்தால் எங்கோ தொலைவில் பிறந்து வந்த அலை. அதே மூன்றடி என்று நினைத்து நின்றால் கரைக்கு வரும்போது எழும்பி நிற்கும், தள்ளும் பலமும் வேறு. ஆனால் நடுவில் மூச்சு விட நேரம் இருக்கும். அப்புறம் ஏற்றமும் வற்றமும். அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்க வித்தியாசம் அதிகம். எங்கள் கடற்கரையில் வற்றத்தின்போது அலை மணல்திட்டில் மொத்தமாக மடிந்து விழும். நான் இறங்குவது பாதி ஏற்றத்தில். உங்கள் கடற்கரை நேர்மாறாக இருக்கலாம், நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள்.

பலகைக்குத் திரும்புகிறேன். குறைகள்.

கூடவே வந்த லீஷ் ஏழடி. ஒன்பதடிப் பலகைக்கு ஏழடிக் கயிறு! லீஷ் குறைந்தது பலகையின் நீளமாவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நீங்கள் விழுந்து எழும் இடத்துக்கே பலகை சுண்டி வந்து சேரும். மூன்றாம் வாரம் எனக்கு நெற்றியில் வந்து சேர்ந்தது. நுரைத்தோல் என்பதால் வீக்கத்தோடு போயிற்று, கண்ணாடியிழையாக இருந்திருந்தால் தையல். குளிர்ந்த தண்ணீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடைக்குப் பேர்போன ஜாக் ஓ'நீல் 1971-ல் ஒரு கண்ணை இழந்தது லீஷ் சுண்டியதால்தான். அந்தக் காலத்து லீஷ் ரப்பர்போல நீண்டு சுருங்கும், இப்போதுள்ளவை அவ்வளவு நீள்வதில்லை. இருந்தாலும் தண்ணீருக்குள்ளிருந்து எழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டே எழுகிறேன். வாங்கிய அன்றே ஒன்பதடி லீஷ் தனியாக வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வெயில். ஒரு நாள் பலகையை மணலில் மல்லாத்திவிட்டு ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். அரை மணிநேரம் இருக்கும். வந்து பார்த்தால் நடுவில் உள்ளங்கை அளவுக்குத் தோல் உப்பி நிற்கிறது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, ஒட்டியிருந்த தோலை விடுவித்துவிட்டது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "வெயிலில் வைத்தது உங்கள் தவறு" என்று பதில். சரி, என் தவறுதான். ஆனால் கடலில் பயன்படுத்தும் பொருளை வெயிலில் வைக்கக்கூடாது என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து கவிழ்த்துத்தான் வைக்கிறேன், மேலே ஈரத்துண்டு.

மூன்றாவது குறை எனக்குத் தெரிந்ததே எடை மெஷினால்தான். மாதம் ஒருமுறை பலகையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்து எழுதிவைப்பேன். (பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.) பத்தாம் மாதம் 8.5 கிலோ பலகை 9.3 ஆகியிருந்தது. என் எடை சரியாக இருந்தது, இரண்டு தடவை பார்த்தேன். முக்கால் லிட்டருக்கு மேல் கடல்நீர் உள்ளே. தேடிப் பார்த்ததில் லீஷ் கட்டும் குமிழைச் சுற்றி மயிரிழை விரிசல். நிழலில் வால் பக்கம் கீழே இருக்கும்படி சாத்தி, பன்னிரண்டு நாள் வடியவிட்டேன். 8.7-க்கு வந்தது. மிச்ச 200 கிராமுக்கு நாங்கள் சமாதானமாகிவிட்டோம். விரிசலை எபாக்சிப் பிசின் வைத்து அடைத்தேன். கண்ணாடியிழைப் பலகைக்குப் போடும் பாலியெஸ்டர் பிசினைத் தெர்மாகோல் பலகைக்குப் போட்டுவிடாதீர்கள். அது நுரையைக் கரைத்துத் தின்றுவிடும்.

மெழுகு தேவையில்லை என்று விளம்பரம். தேவை. தோலில் உள்ள சொரசொரப்பு காலைப் பிடிப்பதைவிட வயிற்றை உரசுவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. முழுக்கை உடை போட்டுக்கொள்ளுங்கள், கால் வைக்கும் இடத்தில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

வயசானவர்களுக்கு மட்டும் சில விஷயம், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். அலை உடையும் இடத்தில் ஆழம் அலையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 1.3 மடங்கு. மூன்றடி அலை என்றால் நான்கடித் தண்ணீர். எனவே விழும்போது தலைகீழாகப் பாயாமல், படுக்கையில் விழுகிற மாதிரி தட்டையாக விழ வேண்டும். நான் இதை ஒரு விலா எலும்பு வலியில் கற்றுக்கொண்டேன், ஆறு வாரம். இன்னொன்று: பலகையில் குப்புறப் படுத்து முதுகை வளைத்தபடி நெடுநேரம் இருந்தால், முதல்முறை பழகுகிறவர்களுக்கு அரிதாகத் தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து கால் செயலிழப்பதுண்டு. சர்ஃபர்ஸ் மைலோபதி என்று அதற்குப் பெயர். இளைஞர்களுக்கும் வருகிறது. திடீர் முதுகுவலியோ கால் மரமரப்போ வந்தால் "இன்னும் ஒரே ஒரு அலை" என்று நிற்காமல் வெளியே வந்து மருத்துவரிடம் போங்கள். நான் நடுநடுவே பலகையில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். 84 லிட்டரில் அதற்கும் வசதி உண்டு, நாற்காலி மாதிரி.

ஒரு நாள் இழுப்பில் மாட்டினேன். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக இருந்தது. உள்ளே போக நல்ல வழி என்று நினைத்தேன். உள்ளே கொண்டுபோகும் வழிதான் அது. கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அப்படித்தான் அமைதியாகத் தெரியும். திரும்பிப் பார்த்தால் இவர் ஒரு புள்ளி. கரையைப் பார்த்து வலித்தேன், புள்ளி பெரிதாகவில்லை. அப்புறம்தான் தம்பி சொன்னது நினைவுக்கு வந்து, எதிர்த்து வலிப்பதை விட்டுவிட்டு, பலகையைக் கட்டிக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போனேன். நூறு மீட்டர் தாண்டி அலை உடையும் இடம் வந்ததும் அதுவே தள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டது. அன்று இந்தப் பலகைக்கு மனசுக்குள் பத்து நட்சத்திரம் கொடுத்தேன். அப்படி ஒரு பெரிய மிதவையை விட்டுவிட்டு நீந்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேனே, அதை இவரிடம் இதுவரை சொல்லவில்லை.

தண்ணீரில் மற்றவர்கள் எப்படி என்று கேட்பீர்கள். பொதுவாக நல்ல பிள்ளைகள். நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். உடையும் முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறார்களோ அலை அவர்களுக்கு, அவர் ஏறிவிட்டால் நாம் குறுக்கே ஏறக்கூடாது. பெரிய பலகைக்கு அலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்பதால் எல்லா அலையையும் எடுக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது, ஒரு பெண் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், புரிந்துகொண்டேன். கண்ணாடிப் பிரச்சினைக்கு இரண்டு மூக்குக்கண்ணாடியைக் கடலுக்குக் காணிக்கை கொடுத்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். தொலைவில் வரும் அலை எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் முதுகு தெரியும். எல்லா முதுகும் ஒன்றாக வெளிப்பக்கம் திரும்பி வலிக்க ஆரம்பித்தால், பெரிதாக ஏதோ வருகிறது.

செய்ச்சி சானோ என்ற ஜப்பானியர் 80 வயதில் சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, 2022-ல் 88 வயதில் அலையேறி கின்னஸில் இடம்பிடித்தார். இதைத் தம்பியிடம் சொன்னேன். "அப்போ நீங்க ஜூனியர், ஆன்ட்டி" என்றார். இவரிடம் சொன்னேன். "முப்பது வருஷம் நான் கரையில நிக்கணுமா?" என்றார்.

எட்டடிப் பலகைக்கு மாறலாமே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். திரும்பச் சுலபம் என்பது உண்மை. இந்தக் கதவைத் திருப்புவதற்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் இரவல் வாங்கி எட்டடியில் போய்ப் பார்த்தேன். ஒரு மணிநேரத்தில் மூன்று அலை. என்னுடையதில் அதே நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். 75 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் இந்த ஒன்பதடியிலும் நிற்க வேண்டாம், இன்னும் தடிமனாகப் பாருங்கள். இருபது வயது, நாற்பத்தைந்து கிலோ, தினமும் உடற்பயிற்சி என்றால் உங்களுக்கு இது வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஐந்து கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் அலையில் எழுந்து நின்றதும் பலகை முன்னே போகாமல் பக்கவாட்டில் சறுக்க ஆரம்பித்தது. பின்பாதி முன்னால் வந்துவிட்டது, நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். கரைக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் நடு ஃபின் இல்லை. பலகைக்கு அடியில் முதன்முதலாக ஃபின் மாட்டிப் பார்த்தவர் டாம் பிளேக், 1935-ல். அதற்கு முன்னால் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ என்ற சந்தேகத்துக்கு அன்று நேரடிப் பதில் கிடைத்தது. ஃபின் போன இடத்தில் திருகாணியின் பாதி உடல் மட்டும், துருப்பிடித்து, தலை இல்லாமல். மற்ற இரண்டும் கையால் திருகினாலே உதிரும் நிலையில் இருந்தன. உப்புநீருக்கென்று 316 என்ற தரத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கிடைக்கிறது. நான் நான்கு வாங்கினேன், மூன்று மாட்டினேன், ஒன்று மெழுகு டப்பாவில் இருக்கிறது. ஒன்பதடிப் பலகை செய்யத் தெரிந்தவர்களுக்கு அதைப் போட்டு அனுப்பத் தோன்றவில்லை. அந்த ஒரு நட்சத்திரம் அதற்குத்தான்.